புல் வெட்டாத ஓரம்

புல்லைப் பாதி வெட்டிவிட்டுப் பாதியை ஏன் விட்டுவிட்டாய் என்று அந்தச் சீனப் பெரியவர் கேட்டதிலிருந்துதான் சச்சரவு ஆரம்பமாயிற்று. சிங்கப்பூரில் குவீன்ஸ்வே சாலைக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவே, பழைய ரயில் தடத்தின்மேல் அமைந்திருக்கிற நடைபாதையில், வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்பகல் வேளையில் நான் நடந்துகொண்டிருந்தேன். புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்துக்குத் தகடும் முழங்காலுக்குக் காப்பும் அணிந்த இளைஞன் ஒருவன் பாதையோரத்தை வெட்டிக்கொண்டு வர, கல் தெறித்து நடப்பவர்மேல் படாதபடி இன்னொருவன் சிறு வலைத் திரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்து வந்தான். பாதையை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு, அதற்கப்பால் இடுப்பளவு நிற்கும் நெடும்புல்லைத் தொடாமலே போகிறார்களே, பாம்பு வராதா, கொசு வராதா, இதற்குப் பெயர் வேலையா என்பது பெரியவரின் குற்றச்சாட்டு.

"நோ கட், அங்கிள். பேர்ட் ஈட்" என்றான் இளைஞன். அந்தச் சம்பாஷணைக்கு அவன் கைவசம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். பெரியவர் சமாதானம் அடையவில்லை. புகார் செய்வதற்காகக் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். இளைஞன் திரை பிடித்தவனிடம் திரும்பி, "வெட்டுனாலும் திட்டு, வெட்டாட்டியும் திட்டு. இவருக்கு யாருடா சொல்லுறது?" என்றான்.

அந்தத் தமிழ் காதில் விழுந்த பிறகு பேசாமல் நடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்த நெடும்புல் சில்லைக் குருவிகளின் உணவு என்பதையும், அதை விட்டுவைக்கும்படி மேலிருந்து உத்தரவு இருப்பதாக இவர்கள் சொல்கிறார்கள் என்பதையும் பெரியவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் புல்லையே பார்த்தார். தம் மனைவிக்குப் பாம்பென்றால் பயம் என்றார். சிறுவயதில் இங்கே ரயில் ஓடியபோதும் புல் இந்த உயரத்துக்கு நின்றது என்பதைத் தாமாகவே ஒப்புக்கொண்டார். முழு மனத்தோடு அல்லவென்றாலும், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

இந்த நகரத்தின் பசுமையைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த அபிப்பிராயம் அவ்வளவு அன்பானதல்ல. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு மரம் என்பது யாரும் திட்டமிடாமல் தானாக வந்து நிற்கும் ஒன்று. இங்கேயோ 1963-ல் லீ குவான் யூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்த நாள் முதல் ஒவ்வொரு மரமும் அரசாங்கத்தின் சிந்தனையில் முளைத்தது. காலாங் ஆற்றோரமாக நடந்தபோது எல்லாம் கிரமமாக இருந்ததையும், எதுவும் வழி தவறி வளராததையும் கண்டு வியந்தேனே தவிர, மனம் அதில் ஒட்டவில்லை. ஆனால் ஒரு சங்கதி மட்டும் என்னை விடாமல் துளைத்தது. ஏறக்குறைய 730 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஒரு தேசத்தையே அடக்கி, அடி நிலத்தையும் கணக்குப் பார்க்கிற இந்த ஊரில், பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகள் 2015-ஆம் ஆண்டுக்குள் 300 கிலோமீட்டரை எட்டியிருக்கின்றன என்றால், அதற்கு நிலம் எங்கிருந்து வந்தது?

புதிதாக ஒரு நிலத்தையும் அவர்கள் தேடிப் போகவில்லை என்பதே விடை. மழைநீர்ப் பெருங்கால்வாய்களின் இருபுறமும் பராமரிப்புக்கென்று விடப்பட்டிருந்த ஓரங்கள், சாலைகளின் விளிம்புகள், மேம்பாலங்களின் அடி நிழல் என்று எவருக்கும் பயன்படாமல் கிடந்த துண்டுகளையெல்லாம் 1990-களிலிருந்து பொறுமையாக ஒட்டவைத்து, இல்லத்தரசிகள் கந்தல் துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைப்பதுபோல, இந்த வலைப்பின்னலை உண்டாக்கியிருக்கிறார்கள். வடிகால் துறையும் சாலைத் துறையும் பூங்காத் துறையும் தத்தம் எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட நடந்திராத காரியம் இது. கட்டிய சிமெண்டைவிட அந்த இணக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ரயில் தடத்தின் கதை வேறு. 1903-ல் முதன்முதலாக இத்தீவில் ரயில் ஓடியது. 1932-ல் தடம் மாற்றி அமைக்கப்பட்டுத் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகும் தண்டவாளம் கிடந்த நிலம் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்துவந்தது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் சென்ற வண்டிதான் கடைசி வண்டி. தெற்கே தஞ்சோங் பகார் முதல் வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, நகரத்தின் நடுவில், பல பத்தாண்டுகளாகக் கட்டடம் ஏறாத நிலம் திடீரென்று கைக்கு வந்தது. அதைத் துண்டு போட்டு வீடு கட்டியிருந்தால் எவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே, 2010-லேயே, இதை முழுவதுமாகப் பசுமை வழியாக விட்டுவிட வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் யோசனை எழுதிக் கொடுத்தார்கள்; ஜனங்கள் அதற்குப் பின்னால் நின்றார்கள்; அரசாங்கம் செவிசாய்த்தது. புக்கித் தீமாவின் இரும்புப் பாலங்களும் சிறிய நிலையமும் இன்றும் அப்படியே காக்கப்பட்டிருக்கின்றன.

அந்தத் தண்டவாளத்தைக் காத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். குவீன்ஸ்வேக்கு அருகே 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தடத்தோரத்தில் ஒரு குடிசையில் நிறுவி வழிபட்ட முனீஸ்வரர், இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயில் கொண்டிருக்கிறார். ஊர் எல்லையில் நின்று காவல் காக்கும் தெய்வத்தை ரயில் பாதைக்குக் காவலாக வைத்த அந்தத் தொழிலாளிகளின் பக்தி என்னை உருக்கியது.

மதியம் புல் வெட்டிய அந்தப் பையன்களோடு ஒரு பாலத்தின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் கேட்கவில்லை, "ஐயா, வெயில்ல எங்க போறீங்க, உக்காருங்க" என்று இயந்திரக்காரன்தான் அழைத்தான். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. விடியுமுன்பே விடுதி வாசலில் கொண்டுவந்து வைக்கப்படும் பொட்டலச் சோறு நண்பகலில் பிரிக்கப்படும்போது லேசாகப் புளித்திருந்தது; சாம்பார் ஆறிக் கெட்டியாகியிருந்தது. அதற்கு நடுவில் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை ஒரு சிறு டப்பாவிலிருந்து எடுத்து, முதலில் என் பங்குச் சோற்றின்மேல் வைத்தான். அதற்கு முந்தைய இரவு பெரிய ஓட்டலில் சாப்பிட்ட எதுவும் என் நினைவில் இல்லை. அந்த ஊறுகாயின் உறைப்பு இருக்கிறது.

குருவிக்காகப் புல் விடுவது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லையா என்று கேட்டேன்.

"இதுல என்னங்கய்யா அதிசயம்? எங்க ஊர்க் கண்மாய்க்கரையிலயும் புல்லச் செதுக்க விடமாட்டாங்க. புல்லு போச்சுன்னா மழைக்குக் கரை அரிச்சுப்போகும்ல. இங்க ஆபீசர் வந்து குச்சி நட்டுக் காட்டுனாரு, இதுக்கு அந்தப் பக்கம் கை வைக்காதேன்னு. எங்க அப்பத்தா சொல்லுறதத்தான் அவரும் சொல்லுறாரு."

பிறகு வேலையின் சூட்சுமத்தை அவனே விளக்கினான். வெட்டுவது பாதி வேலைகூட அல்ல. வெட்டிய புல்லை அன்றைக்கே அள்ளாவிட்டால் மாலை மழை அத்தனையையும் ஓரத்து வாய்க்காலில் கொண்டுபோய்த் தள்ளும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பாதைமேல் ஏறி நிற்கும். இரண்டு மழை அப்படி நின்றால் சல்லி பெயர்ந்து பள்ளம் விழும். பள்ளத்தில் சைக்கிள்காரர் விழுந்தால் புகார் வரும். ஆண்டு முழுவதும் மழை பெய்கிற பூமியில் புல் ஓய்வதில்லை. ஆகையால் அவனுக்கும் ஓய்வில்லை. ஒரு முனையை முடித்துவிட்டு மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை மறுபடி வளர்ந்து நிற்கும் என்றான். அலுப்பாக இல்லையா என்றேன். விடுமுறை நாளில் இதே பாதையில் தான் வெட்டிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதுண்டு என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகச் சற்று வெட்கப்பட்டான்.

அவர்கள் இயந்திரத்தை மறுபடி முடுக்கிய பிறகு தனியே நடந்தபோது எனக்குச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கண்மாய்க்கரையை ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய ஜனங்கள் நாம். கரையில் எங்கே புல் விட வேண்டும், எங்கே செதுக்க வேண்டும், மடையை எப்போது தூர் வார வேண்டும் என்ற ஞானம் ஓர் அறந்தாங்கிப் பையனின் அப்பத்தாவிடம் இன்னும் இருக்கிறது. சென்னையிலோ, நகரத்தின் ஊடாக வடக்கும் தெற்குமாக ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயின் கரை முழுவதும் நிழல் வழியாக இருந்திருக்கலாம். நாமோ அதன் நீருக்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினோம். நான் குடியிருக்கும் பகுதியில் ஓர் ஏரிக்கரையில் நடைபாதை போட்டு, பந்தல் கட்டி, கல்வெட்டு வைத்துத் திறந்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் முள் மூடியது. ஓரத்து வாய்க்கால் பிளாஸ்டிக்கால் அடைத்தது. கல்வெட்டு மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. அந்தப் பாதைக்கென்று வாய்க்கால் அள்ள ஒருவரைக்கூட நியமிக்கவில்லை என்பதை அங்கே தினமும் நடந்த ஒரு பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பணம் இல்லாததைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். திறப்பதற்குப் பணம் இருந்தது. புல் வளரும் என்பதையும் மழை பெய்யும் என்பதையும் மதிப்பீட்டில் எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான். கூவத்தோரமும் அடையாற்றோரமும் இனிப் பாதை அமைக்க வருகிற பொறியாளர்களையும் மன்ற உறுப்பினர்களையும் நான் கேட்டுக்கொள்வது இது: கல்லுக்கும் விளக்குக்கும் தொகை எழுதுவதற்கு முன்னால், அந்தப் பாதையில் நாள்தோறும் புல் வெட்டி, வெட்டியதை அன்றைக்கே அள்ளப்போகிற ஆட்களின் சம்பளத்தை, வருஷா வருஷம் தவறாமல் கொடுக்கும்படி, முதல் வரியில் எழுதுங்கள்; அவர்களுக்கு ஆறாத சோறு கிடைக்கவும் வழி செய்யுங்கள்.