அம்புட்டுப் பேருக்கும் யார் சோறாக்குவது?

என் படையில் இப்போது நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதுவரை ஆன செலவு 212 ரூபாய். வத்தலக்குண்டு கடைவீதியில் வாங்கிய ஒரு போஸ்டர் கலர் பெட்டி, இரண்டு பிரஷ், ஒரு பெவிகால் டப்பா. மற்றதெல்லாம் வீட்டில் கிடந்தவை. வீரர்களின் உடம்பு கல்யாணப் பத்திரிகை அட்டை. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தால் ஒரு பட்டாளத்துக்குத் தேவையான அட்டை தானாகச் சேர்ந்துவிடும். நிற்பதற்கு சோடா மூடியும் களிமண்ணும். கவிழ்த்த கொட்டாங்கச்சி குன்று, பச்சைச் சாயம் முக்கிய தேங்காய் நார் மரம், தீப்பெட்டி வீடு. பீரங்கிக்குள் பழைய பேனாவின் ஸ்பிரிங் இருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குத் துண்டுதான் குண்டு.

பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, விதிப்படி போரிடும் ஆட்டம் இது. வெளிநாட்டில் இதற்கு ஈய வீரர்கள், தனி மேஜை, தனி அறை எல்லாம் உண்டு. இப்போது வரும் புதிய ஆட்டங்களின் விலை நமக்குக் கட்டாது. நல்லவேளையாகப் பழைய ஆட்டங்கள் ஏழைகளுக்கும் வளைந்து கொடுக்கின்றன. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காலாள் ஒரு அடி நகரலாம், குதிரை இரண்டு அடி. பக்கத்தில் குறைந்தது நான்கு பேர் இல்லாத பீரங்கி நகராது. இவ்வளவு எளிய விதிகள்தான். அந்தப் புத்தகத்தின் நீண்ட தலைப்பிலேயே ஆட்டம் யாருக்கு என்றும் சொல்லிவிடுகிறார். பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயதுவரை உள்ள ஆண்பிள்ளைகளுக்கு. கூடவே, ஆண்பிள்ளைகளின் விளையாட்டையும் புத்தகத்தையும் விரும்புகிற, கொஞ்சம் கூடுதல் புத்தியுள்ள பெண்களுக்கும். ஆணாகப் பிறந்தால் போதும், பெண்ணென்றால் புத்தியும் வேண்டும்! நான் கோபப்படவில்லை. தேர்வில் பாஸாகிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

சின்ன வயதில் திருவிழாக் கடையில் அண்ணனுக்குப் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கித் தருவார்கள், எனக்குச் செப்புச் சாமான். கோயில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டம் செதுக்கியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லாத போர் அது. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, கூடி நின்று வழியை அடைத்தே புலியை முடக்க வேண்டும். இதைவிடப் பெண்களுக்குப் பொருத்தமான ஆட்டம் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கல்லைச் சுற்றி ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தாவுக்குத் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோகும் சாக்கில் நான் நின்று பார்ப்பேன். எங்களுக்கு வீட்டுக்குள் பல்லாங்குழி, அதுவும் தீட்டு நாட்களில் மூலையில் உட்காரும்போது. வீர விளையாட்டைப் பற்றி 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பா எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமைதான். மாடும் ஆண்களும் நிறைந்த அந்தக் களத்தில் நான் எங்கே நின்றிருப்பேன் என்று மட்டும் தேடிப் பார்ப்பதுண்டு.

அண்ணன் தம்பியின் பொம்மையைப் பிடுங்கி விளையாடியவர்களை நான் பிறகு புத்தகங்களில் கண்டேன். 1826 ஜூனில் இங்கிலாந்தின் ஹாவர்த் கிராமத்துப் பாதிரியார் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மர வீரர்களை வாங்கிவந்தார். அவனுடைய சகோதரிகள் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டார்கள். சார்லட்டுக்குப் பத்து வயது, எமிலிக்கு ஏழு, ஆனுக்கு ஆறு. அந்த வீரர்களுக்காக நாடுகளை உண்டாக்கி, அவர்கள் கைக்கு அடங்குகிற அளவில் குட்டிப் புத்தகங்களும் எழுதினார்கள். காகிதத்துக்குக் காசில்லாததால் சர்க்கரைப் பொட்டலத் தாள்கூட அட்டையானது. பிரான்டே சகோதரிகளின் நாவல்களுக்கு முன்னால் இருந்தது இந்த விளையாட்டுதான்.

இன்னொரு கதை தரையைப் பற்றியது. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார். அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கடற்படைப் பெண்கள் பிரிவின் இளம்பெண்கள். கப்பல் பாதைகளைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, போரை விளையாட்டாகவே ஆடிப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாகப் பார்த்த அதிகாரிகளுக்குக் கடலில் நடந்துகொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. ஜீன் லெய்ட்லா என்ற பெண் அங்கே உருவான ஒரு தந்திரத்துக்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தார். ஹிட்லரைக் கேலி செய்வதற்காகத்தான் அந்தப் பெயராம். குனிந்து தரையில் கோடு போடும் பெண்களை நான் தினமும் விடியற்காலையில் பார்க்கிறேன். அவர்களை யாரும் கடற்படைக்குக் கூப்பிடவில்லை.

நான் ஆடுவது வேலு நாச்சியாரின் போர். அதற்குக் காரணம் தூரம்தான், பாதிக் கதை எங்கள் மாவட்டத்துக்குள் நடந்தது. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் நாச்சியார் மகளோடு தப்பி வந்தது விருப்பாச்சிக்கு. அடைக்கலம் தந்தவர் அங்கிருந்த பாளையக்காரர் கோபால நாயக்கர். உதவி கேட்டது ஹைதர் அலியிடம், திண்டுக்கல் கோட்டை அப்போது அவர் கையில். சிவகங்கையைத் திரும்பப் பிடித்தது 1780இல். விதிப் புத்தகங்களோடு உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. காளையார்கோவிலை ஆடலாம், சிவகங்கையை ஆடலாம். நடுவில் உள்ள எட்டு வருடத்தை எப்படி ஆடுவது?

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. அத்தைக்கு மூட்டுவலி, நாற்காலியில் உட்கார்ந்து நிலக்கோட்டை மல்லியைக் கட்டிக்கொண்டே எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "ஏத்தா, இம்புட்டுப் பேரு எட்டு வருசம் விருப்பாச்சியில உக்காந்திருந்தாகன்னா, யாரு சோறாக்கிப் போட்டது?"

அன்றைக்கு உண்டானதுதான் எங்கள் பருப்பு விதி. பத்து வீரருக்கு ஒரு முறைக்கு ஒரு துவரம்பருப்பு. பருப்பு தீப்பெட்டி வண்டியில் வரும், சட்டைப் பொத்தான் சக்கரம், காலாளின் பாதி வேகம். பருப்பு தீர்ந்த படை நகராது. முதல் ஆட்டத்திலேயே கொழுந்தனார் மகன் கம்பெனிப் படையை ஒரே மூச்சில் முன்னால் விட்டான். அத்தை நாற்காலியிலிருந்தே கைத்தடியால் நாயக்கரின் குதிரைகளை நகர்த்தி, பின்தங்கிய வண்டிகளைப் பிடித்துவிட்டார்.

"அப்பத்தா, இதெல்லாம் போரா?" என்று கத்தினான்.

"பெறகு எதுடா போரு? பசிச்ச பய துப்பாக்கியத் தூக்குவானா?"

அத்தை சொன்னது சரி. 1791இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டுத் திரும்பியது தீனியில்லாமல் மாடுகள் செத்ததால்தான். பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார். சமையலறையில் நாற்பது வருடம் நின்றவருக்கு இது யாரும் சொல்லாமலே தெரிகிறது.

போரை ரசிப்பது சரிதானா என்று தோழிகள் கேட்கிறார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. குண்டுவீச்சில் பிள்ளைகள் சாகிற செய்தி வரும் வாரங்களில் பெட்டியைத் திறக்க மனம் வருவதில்லை. பிறகு திறக்கிறேன். குயிலி விஷயத்தில்தான் உண்மையாகவே தடுமாறினேன். உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தார் என்று சொல்லப்படும் பெண். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். எட்டாவது படிக்கும் மகள் அவருக்கு நீலப் புடவை வரைந்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "இவங்க ஒவ்வொரு தடவையும் சாகணுமாம்மா?" ராணி ஜெயிக்க அந்தப் பெண் எரிவதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுத் தரையில் நடத்திக் காட்ட எனக்கும் விருப்பமில்லை. ஆகவே ராணியை ஆடுகிறவர் குயிலிக்கு ஆணையிட முடியாது என்று விதி வைத்தோம். குயிலியை ஆடுவது மகள் மட்டும். ஒரு பக்கம் உரசிய நாலு புளியங்கொட்டையைப் போடுவாள். நாலும் வெள்ளை விழுந்தால் தீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஏழு ஆட்டத்தில் இரண்டு முறை வந்திருக்கிறார். ஒரு முறை உள்ளேயே போகாமல் பருப்பு வண்டியில் ஏறி விருப்பாச்சிக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக் கணக்கு நோட்டில் அந்த 212 ரூபாயை முதலில் 'இதர' என்று எழுதியிருந்தேன். "இது என்ன செலவு?" என்று கணவர் கேட்டார். அவருடைய டீயும் கிரிக்கெட் பந்தயத்துக்குக் கொடுக்கும் சந்தாவும் அந்த நோட்டில் வந்ததே இல்லை. அடித்துவிட்டு 'எனக்கு' என்று எழுதினேன். பதினாறு வருட நோட்டுகளில் அந்தச் சொல் முதல்முறையாக வருகிறது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தில்தான் களம் இருந்தது, ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. வழக்கம்போல நான் பெட்டியை எடுத்தேன். "திண்ணைக்குப் போயிச் சாப்புடுப்பா, இங்க படை நிக்கிது" என்றார் அத்தை.

அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஹைதர் பக்கம் யானை வேண்டும் என்று அத்தை சொல்கிறார். இன்னும் அட்டை இருக்கிறது, செய்துவிடலாம். ஒரு யானைக்கு எத்தனை பருப்பு என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது.