விசையை மாற்றினால் குறி தப்பாதா?

துப்பாக்கி வீடியோக்களை ஆசையாகப் பார்க்கும் பையன்கள் பெரம்பலூரிலும் இருக்கிறார்கள், அரியலூரிலும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடு. இன்னொரு பக்கம் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும். ஆனால் கையில் இருக்கும் செல்போனில் ஓடுவதோ அமெரிக்கா! அங்கே ஒருவர் தன் ஏ.ஆர்-15 ரைஃபிளைப் பிரித்துப் போட்டு, கம்பெனி கொடுத்த ட்ரிக்கரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறு ட்ரிக்கரை மாட்டுகிறார். "இப்போது பாருங்கள், பட்டுப் போல இருக்கிறது" என்கிறார். பார்க்கிறவனுக்கு ஆசை வரத்தானே செய்யும்?

ட்ரிக்கர் என்பதைத் தமிழில் விசை என்கிறோம். பழைய ஆட்கள் குதிரை என்பார்கள். அந்தச் சின்ன இரும்புத் துண்டை மாற்றினால் உண்மையிலேயே குறி நன்றாக விழுமா? அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது? துப்பாக்கிக்குள் சுத்தியல் மாதிரி ஒரு பாகம், ஸ்பிரிங்கின் பலத்தோடு பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். அதை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி விலகும், சுத்தியல் பாயும், தோட்டா வெடிக்கும். அரைத் தானியங்கியில் அடுத்த தோட்டா தானாகவே உள்ளே வந்துவிடும். ஆனால் விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வெடி.

ராணுவ அளவில் செய்த ஏ.ஆர். ரக விசையை இழுக்க சுமார் இரண்டரை கிலோவிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல் வரை பலம் வேண்டும். ஏன் இவ்வளவு கனம்? சேற்றில் விழுந்தாலும், பயத்தில் கை நடுங்கினாலும், தவறி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. குறி பார்த்துச் சுடுகிறவருக்கு இது எரிச்சல். அதனால் அங்கே ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ விசைகளைத் தனியாக விற்கிறார்கள். அதில் இரண்டு கிலோ விசைக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 'சர்வீஸ் ரைஃபிள்' போட்டிகளில் விசை குறைந்தது 4.5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்க வேண்டும் என்று விதி. ஆக அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் "எது ரொம்ப லேசு?" என்று கேட்டு வாங்குவதில்லை. "நான் எந்தப் போட்டிக்குப் போகிறேன்? அதன் விதி என்ன?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம்.

இங்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்யப்பட்ட துப்பாக்கி எது என்று சொல்லும்போது, விசையை வைத்தே சொல்கிறது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும்படி செய்யப்பட்டதோ மாற்றப்பட்டதோ எல்லாம் அதில் அடங்கும். அரைத் தானியங்கி ரைஃபிளும் விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகையில்தான் வருகிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. துப்பாக்கியை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும். இன்னொன்று, சட்டத்தின் பார்வையில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். "ஒரு ட்ரிக்கர்தானே, பார்சலில் வரவழைத்தால் என்ன?" என்று நினைக்கும் பையன், போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தயாராக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் இந்த ஆசைக்கு இங்கே வழியே கிடையாதா? உண்டு. அதுவும் நல்ல வழி.

முதல் வழி என்.சி.சி. அங்கே கொடுப்பது 0.22 ரைஃபிள். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். அதில் எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது, அது அரசாங்கத்துச் சொத்து. ஆனால் அங்கேதான் விசை என்றால் என்ன என்று விரலுக்குப் புரியும். முதல் அழுத்தத்தில் விசை லேசாகப் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். மூச்சை நிறுத்தி, இரண்டாம் அழுத்தத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். எப்போது வெடித்தது என்று சுடுகிறவருக்கே சின்ன ஆச்சரியம் வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோட்டாக்கள் அட்டையில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும்.

இரண்டாவது வழி ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் திருச்சி. அங்குள்ள ரைஃபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் சுட வந்ததால் ரோடு நிறையக் கூட்டம்! அவரைப் பார்க்கப் போனவர்களில் சிலராவது போட்டியையும் பார்த்திருப்பார்கள்.

இப்போது ஒரு கணக்கு. குன்னம் பக்கத்து மாணவி ஒருத்தி என்.சி.சி.யில் நன்றாகச் சுடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ரைஃபிளுக்கு மாற ஆசைப்படுகிறாள். அப்பா மக்காச்சோளம் போடுகிறவர். ஜெர்மனியிலிருந்து வரும் போட்டி ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதன் விசை நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விடும்படி இருக்கும். உள்நாட்டில் செய்த சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியின் விசையோ கனமாக இருக்கும். "அந்த விசை இருந்தால் நானும் அடிப்பேன்" என்று அவளுக்குத் தோன்றுவது இயற்கை. அந்தப் பணம் வீட்டில் எதை விற்று வரும் என்பதுதான் கேள்வி.

அவள் எண்ணம் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. பத்து மீட்டர் தூரத்தில் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அடுத்தடுத்த வளையத்துக்கு இடைவெளி 2.5 மி.மீ. தோளில் வைத்த ரைஃபிளின் முனை விசையை இழுக்கும்போது அரை மி.மீ. நகர்ந்தால், இலக்கில் ஏறக்குறைய 5 மி.மீ. தள்ளிப் படும். இரண்டு புள்ளி போச்சு! விசை லேசாக இருந்தால் இந்த அசைவு குறையும். உண்மைதான்.

ஆனால் அசைவுக்கு விசை மட்டுமா காரணம்? நிற்கும் விதம், கட்டை தோளில் உட்காரும் விதம், மூச்சு, சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே நிற்கும் பொறுமை என்று எத்தனையோ இருக்கின்றன. ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடும். அதில் விசையை மட்டும் மாற்றினால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் எடுத்தது 630.7. சராசரி ஒரு குண்டுக்கு 10.51. அப்படியும் பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிப் போட்டி. அந்த உயரத்தில் எல்லோரிடமும் நல்ல விசை இருக்கிறது. அங்கே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பது விசை அல்ல.

லேசான விசைக்கு இன்னொரு முகமும் உண்டு. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் விசைக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை. ஆனால் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம் என்று உலகப் போட்டி விதியே இருக்கிறது. விசையில் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலே வருவதற்குள் விசை விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கி தேறாது. அவ்வளவு கட்டுப்பாடான இடத்திலேயே இப்படி. பச்சைமலைப் பக்கம் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவர் கையில் இருப்பதற்கு எந்தக் கல்லும் கிடையாது. கொக்கி தேய்ந்திருந்தால், கிளையில் இடித்தாலே வெடிக்கலாம். முன்னால் நடப்பது தம்பியாகவோ மச்சானாகவோ இருக்கும்.

ஆகவே அந்த மாணவி என்ன செய்யலாம்?

முதலில் கிளப் துப்பாக்கியில் பழகலாம். பணத்தைக் குண்டுக்கும், பஸ் டிக்கெட்டுக்கும், பயிற்சியாளருக்கும் செலவழிக்கலாம். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி போட்டி ரைஃபிள்களில் உண்டு. காசு செலவில்லாத பயிற்சி அது. ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது, உள்ளே அடி வாங்கும். பயிற்சியாளர் அனுமதித்தால், இருக்கிற விசையையே திருகாணிகளால் முன் பின் நகர்த்தி, எடையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். விரல் நுனி நேராகப் பின்னோக்கி அழுத்தும்படி விசை அமைந்துவிட்டாலே பாதிக் குறை தீரும்.

இவ்வளவும் செய்து, ஆறு மாதம் மதிப்பெண்ணை நோட்டில் எழுதி வைக்கட்டும். ஏற்றம் நின்று, பயிற்சியாளரும் "இனி துப்பாக்கிதான் உன்னைத் தடுக்கிறது" என்று சொன்னால், அப்போது அப்பாவிடம் கேட்கலாம். அவரிடம் காட்ட அந்த நோட்டு இருக்கும். சோளம் விற்ற பணத்தைக் கேட்பதற்கு வீடியோவைவிட அது நல்ல காரணம்.