வத்தலக்குண்டிலிருந்து ஒரு மலைப் பயணம்: புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி தின்னி!

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களிடம், மேலே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குறிஞ்சிப் பூவையும் சேர்த்துக்கொள்வார்கள். அது 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான்.

ஆனால், அதே மலையின் புல்வெளியில் பூச்சியைப் பிடித்துச் சாப்பிடும் செடி ஒன்று இருப்பது பலருக்கும் தெரியாது. 'அதெல்லாம் அமேசான் காட்டுலதானே இருக்கும்?' என்றுதான் நினைக்கிறோம்.

பள்ளிப் பாடத்தில் 'டிரோசீரா' என்று படித்தோமே, அதுதான் இது. மூலிகை தெரிந்தவர்கள் இந்த வகைச் செடிகளை அழுகண்ணி என்பார்கள். இலை முழுக்க மயிர் போன்ற சிவப்புக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கண்ணீர்த் துளி மாதிரி பிசின். பெயர் வைத்தவருக்கு நல்ல கண்!

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 55 கிலோமீட்டர். வாழையும் தென்னையும் பின்னால் போக, மலைச்சாலை வளைந்து ஏறத் தொடங்குகிறது. டம்டம் பாறையில் நின்றால், எதிரே மெல்லிய வெள்ளைக் கோடாகத் தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்கிறார்கள். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி எல்லாம் தாண்டி 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும்போது காற்றே மாறிவிடுகிறது. மழைக்காலம் என்றால் சாலையோரப் பாறைகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

அந்த ஈரம்தான் இந்தச் செடிகளின் வீட்டு முகவரி. மழை ஓயாமல் பெய்யும் மலைச் சரிவில், மண்ணிலிருக்கும் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். குறிப்பாக நைட்ரஜன். மற்ற செடிகள் திணறும் அந்த மண்ணில், அழுகண்ணி வேறு வழி கண்டுபிடித்தது. வெயிலில் தானே சமைத்துக்கொள்வதை அது விடவில்லை, மண்ணில் கிடைக்காத சத்தை மட்டும் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தேன் என்று நினைத்து ஒரு கொசு வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். அது துடிக்கத் துடிக்க, பக்கத்துக் காம்புகள் மெதுவாக வளைந்து வந்து அமுக்கும். பிறகு செரிமானம்.

பழனிமலைப் புல்வெளியில் இருப்பது டிரோசீரா பெல்டேட்டா என்ற இனம். ஒரு சாண் உயரம் வளர்ந்தாலே பெரிய விஷயம். பிறை வடிவ இலை, நுனியில் சிறிய வெள்ளைப் பூ. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது, குனிய வேண்டும்.

ஈரப் பாறையில் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்களைப் பார்த்தால், அது யூட்ரிகுலேரியாவாகவும் இருக்கலாம். பூ அப்பாவி. வேலை நடப்பது ஈரமண்ணுக்குள். கடுகைவிடச் சிறிய பைகளை வைத்துக்கொண்டு, தொட்ட நுண்ணுயிரை நாம் கண் சிமிட்டுவதற்குள் உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும்.

இந்தச் செடிகள்மேல் பித்துப் பிடித்து அலைவது புதிதல்ல. சார்லஸ் டார்வின் 1860-ல் இங்கிலாந்தில் ஓர் அழுகண்ணி இனத்தைப் பார்த்துவிட்டு, பால், முட்டை வெள்ளைக்கரு, பச்சை இறைச்சி, கண்ணாடித் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் அதன் இலையில் வைத்துச் சோதித்தார். அதைப் பற்றிப் புத்தகம் போட 15 ஆண்டுகள் ஆகின. பழனிமலையிலும் சேகரிப்பு மரபு பழையது. கொடைக்கானலுக்கு முன்னால் வரும் செண்பகனூரில், 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் சேசு சபைப் பாதிரியார்கள் இந்த மலையின் செடிகளைத் தேடித் தேடிக் காகிதத்தில் ஒட்டி வைத்தார்கள். பின்னாளில் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே.எம்.மேத்யூ அடிகளார், பழனிமலைத் தாவரங்களை மூன்று பாகங்களாகத் தொகுத்து 1999-ல் வெளியிட்டார்.

இப்போதைய சேகரிப்பு, பால்கனித் தொட்டியில் நடக்கிறது. வீனஸ் ஃபிளைட்ராப், தொங்கும் குடுவைச் செடி, தென்னாப்பிரிக்க அழுகண்ணி என வாங்கி வளர்ப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். முதல்முறை வளர்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: அளவுக்கு மீறிய பாசம். உரம் போட்டால் வேர் கருகும். உப்பு கலந்த போர்வெல் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். மழைநீர் வேண்டும், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் உண்டு. ஃபிளைட்ராப்பின் வாயில் விரல் விட்டு மூட வைப்பது குழந்தைகளுக்குக் குஷிதான். ஆனால், ஒவ்வோர் இலையும் சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கருகிவிடும். அந்தச் செடிக்குக் குளிர்காலத் தூக்கமும் தேவை. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்கள் இரண்டும்தான் அதன் தாயகம். மதுரை வெயிலில் அது தடுமாறினால் செடிமேல் குற்றமில்லை. ஆன்லைனில் வானவில் நிறத்தில் காட்டும் விதைகளை வாங்கி ஏமாற வேண்டாம், அப்படியொரு ஃபிளைட்ராப் கிடையவே கிடையாது.

சரி, கடையில் வாங்குவானேன், மலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி வந்துவிடலாமே?

அங்கேதான் சிக்கல். டிரோசீரா பெல்டேட்டாவுக்கு மண்ணுக்குள் சின்னக் கிழங்கு உண்டு. இழுத்தால் கிழங்கு உள்ளே தங்கிவிட, தண்டு மட்டும் கையோடு வரும். கீழே வத்தலக்குண்டு வெயிலுக்கு வந்து சேர்வதற்குள் பிசின் துளியெல்லாம் காய்ந்திருக்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் மலைக்காடு 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் செடி பிடுங்குவது குற்றம்.

ஆசையில் நாலு பேர் பிடுங்குவதைவிடப் பெரிய இழப்பு ஏற்கெனவே நடந்திருக்கிறது. பழனிமலையின் உச்சி ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளிதான். சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து அதில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். தோல் பதனிட, விறகுக்கு, காகிதக் கூழுக்கு என்று காரணங்கள் இருந்தன. சீகை பிறகு தானாகவே பரவியது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, 1973-ல் சுமார் 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி, 2014-ல் 124 ஆகச் சுருங்கிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு காலி. நாம் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் பைன் காடு, பச்சையாக இருந்தாலும் அந்தக் கணக்கில் செலவுப் பக்கம்தான். மர நிழலில் மூடிப்போன இடத்தில், திறந்த வெயிலும் ஈரமும் கேட்கும் ஒரு சாண் செடி எங்கே நிற்கும்?

பார்க்க விரும்புபவர்கள் மழைக்காலத்தில் போவது நல்லது. இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதிக்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், புல் குட்டையாக இருக்கும் ஈரச் சரிவில் சிவப்பாக ஏதாவது மினுங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்துப் புல்லில் இருப்பது பனி என்றால் வெயில் ஏறியதும் மறைந்துவிடும், அழுகண்ணியின் துளி நிற்கும். போனில் மேக்ரோ போட்டு எடுத்தால், ஒட்டிக்கொண்ட பூச்சியின் இறக்கைகூடத் தெரியும்.

ஏப்ரல், மே சீசனில் போகிறவர்கள் தேடி அலைய வேண்டாம். கூட்டம் அலைமோதும் அந்த வெயில் நாள்களில், செடி மண்ணுக்குள் கிழங்காகச் சுருண்டு அடுத்த மழைக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும்.