நுரையைப் பார்த்து வழி போகிறவர்கள்

கவிழ்த்த பரிசல் ஒன்று பாறைகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதற்கடியில் இரண்டு கால்கள் இருப்பது தெரிந்தது. ஒகேனக்கல் கோத்திக்கல் துறையில் இது தினப்படிக் காட்சி. ஓட்டத்தோடு இறங்கிய பரிசலை அதே ஓட்டத்தை எதிர்த்து ஏற்ற முடியாத இடங்களில், ஓட்டுகிறவர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு ஏறிவிடுகிறார். இவர் வந்து பரிசலை இறக்கி, துடுப்பைப் பாறையில் சாய்த்துவிட்டு, காத்திருந்த எங்களை ஒருமுறை பார்த்தார். எடை போடுகிற பார்வை. யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

நான் சுந்தரபாண்டியபுரத்துக்காரன். சூரியகாந்தி பூக்கிற காலத்தில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தின் நாயகிக்கு இதுதான் ஊர் என்பதால் வராதவர்களுக்கும் பெயர் தெரியும். படமெடுத்த கையோடு எல்லாரும் போவது குற்றாலத்துக்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு, ஓடுகிற நீரில் நாளெல்லாம் இறங்கி ஏறிப் பிழைக்கிறவர்கள் எங்களிடம் கிடையாது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் சீசனுக்குப் படகு விடுவார்கள். அது நின்ற நீர். ஓடும் நீரை அறிந்த ஆட்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் தர்மபுரி வந்து, பென்னாகரம் தாண்டி, மலைச்சாலையில் இறங்கினேன்.

லைஃப் ஜாக்கெட் மாட்டி, பட்டையை இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் அவரே இறுக்கிவிடுகிறார். இதில் பேச்சுக்கு இடமில்லை. 2015-இல் இங்கே பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்கள் இறந்துபோனார்கள். அந்த நாளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் என்னோடு ஏறிய சேலத்துப் பெண் செல்பிக்காக எழுந்து நிற்கப் பார்த்தபோது, “உக்காருங்கம்மா” என்று அவர் சொன்ன குரலில் அது இருந்தது.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கிலைப் பிளந்து பின்னிய வட்டக் கூடு. ஏழெட்டு அடி அகலம். முன்பெல்லாம் மேலே மாட்டுத்தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். நீரைக் கிழித்து நேராகப் போக மற்றப் படகுகளுக்கு அடியில் இருக்கிற நீளக் கட்டை இதற்குக் கிடையாது. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் போதும், நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் ஓட்டுகிறவர் போகிற திசையைப் பார்த்து முன்விளிம்பில் உட்கார்ந்து, துடுப்பை இடமும் வலமுமாக அசைத்து நீரைத் தன் பக்கம் இழுக்கிறார். துடுப்பின் முனை நீருக்குள் எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே பார்த்தால் மணிக்கட்டு மட்டும் அசைவதாகத் தோன்றும். தோளிலிருந்து இடுப்புவரை வேலை செய்கிறது. இந்த வட்டத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு சாண் ஆழ நீர் இருந்தாலும் பாறைக்கு மேலே வழுக்கிப் போய்விடும். பாறையில் மோதினால் உடையாமல் திரும்பிக்கொள்ளும். பாறையாகவே கிடக்கும் ஆற்றுக்கு எத்தனை தலைமுறை யோசித்து இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்களோ, அவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை எழும்பியிருக்க, நடுவில் காவிரி இறுகி ஓடுகிறது. இந்தப் பாறைகளில் கார்பனடைட்டும் இருக்கிறது என்கிறார்கள் புவியியலாளர்கள். எரிமலைக் குழம்பு வகையில் அபூர்வமானது. வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு பழைய கல்லையே தண்ணீர் குடைந்து, இடுக்கும் மடுவுமாக ஆக்கி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பாறையால் ஆபத்தில்லை. நீருக்குள் ஒரு முழம் கீழே இருப்பதுதான் ஆளைத் தூக்கிப் போடும்.

“அண்ணாச்சி, அடியில பாறை இருக்குன்னு எப்படித் தெரியுது?” என்று கேட்டேன். அண்ணாச்சி என்றதும் திரும்பிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டார்.

“தண்ணியப் பாக்காதீங்க சார். நுரையப் பாருங்க.”

பிறகு துடுப்பாலேயே காட்டினார். நீரின் மேல் ஓர் அம்புமுனை போலக் கோடு விழுகிறது. அதன் கூர் நம்மை நோக்கி, அதாவது ஓட்டத்துக்கு எதிராக இருந்தால், அந்தக் கூரின் அடியில் கல் இருக்கிறது. கூர் ஓட்டத்தோடு கீழ்நோக்கி இருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் ஆழமான வழி திறந்திருக்கிறது, அதில் போகலாம். நுரையே இல்லாமல் வழவழவென்று ஓரிடம் மட்டும் புடைத்திருந்தால் அங்கேதான் அதிக எச்சரிக்கை வேண்டும், பாறை மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும். தெரியாதவருக்கு அது சுழி. இவருக்கு அதுதான் இளைப்பாறும் இடம். அங்கே பரிசலைச் செருகிவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே அருவியைக் காட்டிப் பேசினார். ஆறு இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் நாங்கள் அசையாமல் நின்றோம்.

அருவிக்குக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி எல்லாரும் கேட்பார்களாம். சாரல் முகத்தில் படுகிற தூரம்வரை போனார். அதற்கு மேல் ஒரு துடுப்புக்கூடப் போடவில்லை. விழுகிற நீர் அடியில் போய், மேலே எழும்பி, மறுபடி அருவியை நோக்கியே திரும்புகிறது. மிதப்பது எதுவானாலும் உள்ளே இழுத்துப் புரட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் விடாது. சேலத்துப் பெண் கூடுதல் காசு தருகிறேன் என்றார். பரிசல்காரர் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய திறமை எனக்குப் பிடிபட்ட இடம் அதுதான்.

ரிஷிகேஷில் சிவ்புரியிலிருந்து கங்கையில் இறங்கும் ரப்பர் ராஃப்ட்டில் வழிகாட்டி பின்னால் உட்கார்ந்து கட்டளையிடுவார். ஏறியவர்கள் எல்லாரும் துடுப்புப் போட வேண்டும். இலங்கையில் களனி ஆற்றில், கித்துல்கலவிலும் அப்படித்தான். இறக்கங்களின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் பன்னாட்டு அளவு உண்டு. கங்கையின் இறக்கங்களுக்கு ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில், ஜூலை ஆகஸ்டில் அங்கே நிறுத்திவிடுவார்கள். அந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சி, முதலுதவி, சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. பரிசல்காரருக்கு இருப்பது அப்பாவின் துடுப்பு. ஆனால் நீரை வாசிப்பதில் இருவரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். இவருக்கு உதவிக்கு இன்னொரு துடுப்பும் கிடையாது. பெரியபாணி, ஐந்தருவி, மணல்திட்டு, மாமரத்துக்கடவு என்று இவர் சொல்லும் ஒவ்வொரு பெயரும் ஓர் இடத்தின் குணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எந்தப் பெயரில் எவ்வளவு நீர் இருந்தால் போகலாம், எப்போது போகக்கூடாது என்று.

இதெல்லாம் சுற்றுலாவுக்காகக் கற்றதில்லை. பாலமில்லாத காலத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கும் கர்நாடகக் கரைக்கும் நடுவில் பரிசல்தான் பஸ். கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நாகமரைக்கும் பண்ணவாடிக்கும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இன்றும் துறைகள் இருக்கின்றன. ஆளும் ஆடும் அரிசி மூட்டையும் ஏற்றிய கைகள்தான் இப்போது எங்களை ஏற்றுகின்றன. பேச்சும் அப்படியே. எதிரே வந்த பரிசலோடு கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, எங்களிடம் தமிழில் தொடர்ந்தார்.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு அங்கேதான் அளக்கப்படுகிறது. இரண்டு மாநிலங்கள் வழக்காடுகிற அந்த எண், பரிசல்காரருக்கு அன்றாடக் கூலி. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே வரத்து ஏறும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும். 2024 ஜூலைக் கடைசியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்போது இந்த இடுக்கே கண்ணுக்குத் தெரியாது. தடை சரிதான் என்று அவரே சொன்னார். ஆனால் தடை விழும் நாள்களில் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும், வீட்டில் வருமானம் இராது. மீன் வறுக்கும் பெண்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் அதே கதி. நீர் அதிகமாக வந்தாலும் பட்டினி, வராவிட்டாலும் பட்டினி. கடலில் மீன்பிடி தடைக்காலத்துக்கு மீனவர்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. இவர்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் குற்றாலத்தைப் பற்றி அவர் கேட்டார். எங்களுக்கும் ஓர் ஐந்தருவி உண்டு என்றதும் அவருக்குச் சந்தோஷம். அடுத்த கேள்வி தொழில்காரனின் கேள்வி.

“மேல அணை இருக்கா சார்? தண்ணி வருதுன்னு யார் சொல்லுவாங்க?”

அணை இல்லை. அதுதான் விஷயம். காவிரியில் வெள்ளம் சொல்லிவிட்டு வருகிறது. மேலே திறந்த நீர் இங்கே வந்து சேரும் முன்பே செய்தி வந்துவிடும். எங்கள் மலையில் அப்படி அவகாசம் கிடையாது. மேலே காட்டில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே அருவி பெருகிவிடும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தொட்டு நீர் கொட்டினால் காவலர்கள் ஆட்களை வெளியேற்றுவார்கள். அது வந்துவிட்ட பிறகு செய்கிற காரியம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாறு இறங்கியது. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் போனான். அன்று படிகளில் விழுந்தடித்து ஏறிய கூட்டத்தின் காணொளியை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் இல்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் வயலில் நிற்கிற பெரியவர்கள் மேற்கே பார்த்து, மலை கறுத்திருக்கிறது, சிற்றாறு வரும் என்பார்கள். பெரும்பாலும் பலிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனெடுக்கப் போகும் பளியர் பழங்குடியினருக்கு அதைவிட நுணுக்கமாகத் தெரியும்: எந்த ஓடை முதலில் கலங்கும், எந்த வாசம் வரும், சருகும் குச்சியும் எப்போது மிதந்து இறங்கும் என்று. எங்கள் தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் இவர்கள் அறிவைக் கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

நடக்காத காரியமில்லை. கோவை மாவட்டத்தில் பில்லூர் அணைக்குப் பின்னால் பரளிக்காட்டில் வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து பரிசல் சுற்றுலா நடத்துகிறார்கள். ஓட்டுவது அந்த ஊர்க்காரர்கள், மதியச் சாப்பாடு செய்வது அந்த ஊர்ப் பெண்கள். காட்டை அறிந்தவருக்கு அந்த அறிவே வேலை.

குற்றாலத்தில் பரிசல் வேண்டாம், அந்த நீருக்கு அது ஆகாது. எங்களுக்கு வேண்டியது மேலே ஆள். செண்பகாதேவி அருவிக்குப் பக்கத்தில் ஒருவர், பழைய குற்றாலத்துக்கு மேலே ஒருவர், ஐந்தருவிக்கு மேலே ஒருவர்; ஓடை கலங்கியதுமே கீழே உள்ள காவலருக்குச் சொல்ல ஒரு வயர்லெஸ், மாதச் சம்பளம், மழைக்கோட்டு, ஒதுங்கி நிற்க ஒரு கொட்டகை. மலை அறிந்தவர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும், அவர்கள் சொன்னால் அருவியை அப்போதே மூடிவிட வேண்டும். சீசன் ஜூனில் தொடங்குகிறது. ஆள் எடுப்பதற்கு மே மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசினால்தான் சரியாக வரும்.