நம்பர் வாங்குவதா, வேண்டாமா?

திண்டுக்கல்

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். மாமாவுக்கு முட்டிவலி குறையவில்லை, வாய் மட்டும் குறையாமல் இருக்கிறது. எழுதவந்ததைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ பாதியிலேயே "சைட்ல இருக்கேன் அத்தை, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, உன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படி. பி.காம். படித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு பில்லையெல்லாம் பைக் டிக்கியில் திணித்துவைக்கிற ஆள் நீ ஒருத்தன்தான்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் வருஷ எலக்ட்ரிகல் பராமரிப்பு வேலை வருகிறது, ஜிஎஸ்டி நம்பர் இருந்தால்தான் தருவார்களாம் என்று அண்ணி சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுத்தான் வயிற்றைக் கலக்கியது. உன் சிநேகிதன் ஒருத்தன், "என் நம்பரிலேயே பில் போட்டுக்கோ, எனக்கு ஏதாவது பார்த்துக் கொடு" என்றானாமே? அந்தப் பேச்சை இன்றோடு விடு. வேலை செய்தது நீ, பில் போட்டது அவன் என்றால் அதற்குப் பெயர் பொய் பில். பணம் அவன் கணக்குக்குப் போகும், வருமான வரியிலும் அது அவன் வருமானம் ஆகும். ஒருநாள் நோட்டீஸ் வந்தால் அவனும் மாட்டுவான், நீயும் மாட்டுவாய், உன் பில்லில் உள்ள வரியை மில்லுக்காரர் தன் வரியில் கழித்துக்கொண்ட இன்புட்டும் போய்விடும். அப்புறம் அந்த மில் வாசலில் உன்னை யார் ஏற்றுவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது லட்சம் வரை நம்பர் தேவையில்லை என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயாம். 2019 ஏப்ரலிலிருந்து அந்த 40 லட்சம், சாமான் மட்டும் விற்கிறவர்களுக்கு. வயரும் சுவிட்சும் வாங்கிப் போட்டு, கூலியும் சேர்த்து வாங்குகிற உனக்கு 20 லட்சம்தான் வரம்பு. அதுவும் லாபத்தை வைத்துப் பார்ப்பதில்லை. சாமான் காசு, கூலி, கடையில் சில்லறையாக விற்றது என எல்லாம் சேர்ந்த மொத்த வரவு. உன் பான் கார்டின் கீழ் என்னவெல்லாம் நடக்கிறதோ அத்தனையும் ஒரே கணக்கு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் ஜிபே, போன்பே வரவை வைத்தே சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போனதே, பேப்பரில் படித்திருப்பாய். "கையில் வாங்கினேன், யாருக்குத் தெரியும்" என்ற காலம் போய்விட்டது.

போன வருஷம் உனக்குப் பதினாறு லட்சம் வந்திருக்கும் என்கிறாள் அண்ணி. மில் வேலை ஆறு லட்சம் என்றால் வரம்பைத் தாண்டிவிடுகிறாய். தாண்டிய நாளிலிருந்து முப்பது நாளைக்குள் விண்ணப்பம் போட வேண்டும். போடாமல் இருந்து மாட்டினால் வரியும் வட்டியும் போக, பத்தாயிரம் ரூபாய் அல்லது கட்டாத வரி, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். வீட்டுக்காரியின் பெயரில் இன்னொரு பில் புக் போட்டுப் பிரித்துக்காட்டலாமா என்று யோசிக்காதே. உன் மூளை அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே. வரம்புக்குள்ளேயே இருக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. சாமானை, வேலை கொடுக்கிற வீட்டுக்காரரே தன் பெயரில் பில் போட்டு வாங்கட்டும், உனக்குக் கூலி மட்டும். அப்போது சாமான் காசு உன் கணக்கில் ஏறாது. வயரில் கிடைக்கும் சில்லறை லாபம் போகும், அவ்வளவுதான். ஆனால் மில் வேலை வேண்டும் என்றால் இந்த வழி உதவாது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. 18 சதவீதம் போட்டால் வீட்டுக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டு வயரிங்குக்குச் சாமான் ஒரு லட்சம், அதற்கு வரி சேர்த்து நீ கடையில் கொடுப்பது 1,18,000. உன் கூலி 80,000. இன்றைக்கு 1,98,000 வாங்குகிறாய். நம்பர் வந்தபிறகு 1,80,000-க்கு பில் போட்டு, அதன்மேல் 32,400 வரி. மொத்தம் 2,12,400. கடையில் கொடுத்த 18,000 வரியைக் கழித்துக்கொண்டு மீதி 14,400-ஐ நீ கட்டுவாய். ஆக வீட்டுக்காரருக்குக் கூடுவது 14,400. உன் கூலிக்கு விழுகிற வரி அது. நம்பர் இல்லாத இன்னொரு எலக்ட்ரீஷியன் அது இல்லாமல் வேலையைப் பிடிப்பான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதே பில் மில்லுக்குப் போனால் கதையே வேறு. அந்த 32,400-ஐ அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு விழுவது 1,80,000 மட்டும். நம்பர் இல்லாத உன்னைவிட நம்பர் உள்ள நீ அவர்களுக்கு 18,000 ரூபாய் மலிவு. அதனால்தான் கேட்கிறார்கள். இங்கே பிளாட் கட்டுகிற பில்டர்கள் கேட்பதற்குக் காரணம் வேறு. அவர்களால் இன்புட் எடுக்க முடியாது. ஆனால் கொள்முதலில் 80 சதவீதம் பதிவு உள்ளவர்களிடம்தான் இருக்க வேண்டும், குறைந்தால் கைக்காசு போட்டு வரி கட்ட வேண்டும்.

காம்போசிஷன் என்று ஒன்றிருக்கிறதே என்று உன் வீட்டுக்காரி கேட்பாள். உன் மாதிரி வேலைக்கு அதில் 6 சதவீதம், 50 லட்சம் வரை. கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் பில்லில் வரி என்று எழுதி வாங்க முடியாது, சாமானுக்குக் கொடுத்த வரியும் திரும்பாது. 1,98,000 வேலைக்கு 11,880 உன் சட்டைப்பையிலிருந்து. மில்லுக்கும் இன்புட் கிடையாது, உன்னைக் கூப்பிடவே மாட்டார்கள். அதை விடு.

எனக்கு நிஜமாகவே கவலை வேறொன்றில். மில்லுக்காரர்கள் மெதுவாகத்தான் பணம் தருவார்கள். நீ பில் போட்டுவிட்டால் பணம் வந்ததா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது, வரி கட்டியாக வேண்டும், தாமதித்தால் 18 சதவீதம் வட்டி. கையில் காசு புரளாத தொழில்காரர்கள் எத்தனை பேர் இந்த இடத்தில் மூச்சுமுட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அதனால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் சேர்த்துப் போட்டுவிடு, இலவசம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உன்னைப்போன்ற சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுக்கிற வருஷத்து வருமான வரிக் கணக்கில்தான் அவர்களால் கழிக்க முடியும். அந்த ஒரு பயம் மில் கணக்கரை வேகமாகச் செக் எழுதவைக்கும். ரேட் பேசும்போது "ஜிஎஸ்டி தனி" என்று கொட்டேஷனில் எழுது. அதை எழுதாமல் விட்டு, கடைசியில் வரியும் சேர்த்துத்தான் பேசினோம் என்று மில் சொல்ல, கூலியிலிருந்து கட்டினவர்கள் உண்டு.

ஆகவே என் முடிவு: மில்லிலிருந்து ஒர்க் ஆர்டர் கையில் வரட்டும், வந்த வாரமே நம்பர் போடு. வெறும் வாய்ப்பேச்சை நம்பி முன்னாலேயே போட்டுவிட்டு, வேலையும் வராமல் வீட்டு வேலைக்கெல்லாம் 18 சதவீதம் போட்டுக்கொண்டு நிற்காதே. போர்டலில் கட்டணம் கிடையாது. பான், ஆதார், கடை வாடகைப் பத்திரம், கரண்ட் பில் போதும். நம்பர் 33-இல் ஆரம்பித்து, உன் பான் நம்பரைத் தூக்கிக்கொண்டு வரும்.

வந்தபிறகு ரிட்டர்ன் விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. ஐந்து கோடிக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன், முதல் இரண்டு மாத வரியை மட்டும் அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், மூன்றாம் மாத வரி ரிட்டர்னோடு. வேலையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் உண்டு. விட்டால் நாளொன்றுக்கு இருபது ரூபாய், கணக்கு இருந்தால் ஐம்பது. நான் ஆடிட்டர் ஆபீசில் டைப்ரைட்டர் தட்டிய காலத்தில் பழைய விற்பனை வரியின் சி ஃபாரத்துக்காக வியாபாரிகள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. 1939-இல் ராஜாஜி மதுவிலக்கால் போன வருமானத்துக்காகக் கொண்டுவந்த விற்பனை வரி, 2007-இல் வாட் ஆகி, 2017-இல் ஜிஎஸ்டி ஆகி நிற்கிறது. பெயர் மாறினாலும் வியாபாரியின் பயம் மாறவில்லை. கணக்கை உன் வீட்டுக்காரியிடம் ஒப்படை, வரியாக வாங்கும் பணத்துக்குத் தனி பேங்க் கணக்கு வை, அந்தக் கார்டை நீ தொடாதே.

அண்ணன் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாரா என்று கேட்டு எழுது. மில் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கடை ஓனர் வாடகைப் பத்திரம் போடத் தயங்கினால் சொல், மாமாவுக்கு அவரோடு நல்ல பழக்கம், நேரில் வந்து பேசுவார்.

அன்புடன்,
அத்தை