ஒரு திருகு கற்பித்த பாடம்

கல்லூரி விடுமுறை நாட்களில் அப்பாவின் மோட்டார் பட்டறையே எனக்கு வகுப்பறை. வரலாறு படிப்பவனுக்கு ஸ்பானர் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

சென்ற கோடையில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் எஞ்சின் பிரிட்டனில் உருவான பி.எம்.சி. வடிவமைப்பு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றார் வண்டிக்காரர். வாடகை வண்டி, மறுநாள் விடியலில் கல்யாணச் சவாரி.

ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்பா மறுத்தார். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர் முழுவதும் அவ்வழியே வடியாது. அடியில் துருச்சேறு தங்கிவிடும். அதை வெளியேற்றவே எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் தனியாக ஒரு டிரெயின் பிளக் உண்டு. இந்த வண்டியில் அது துருவேறி இறுகியிருந்தது. எஞ்சின் ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள இரும்பைக் கேஸ் சுடரால் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரையோரம் ஒற்றினார் அப்பா. உருகிய மெழுகு இடுக்கில் இறங்கியது. பின் சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, அரைமணி நேரம் பொறுமையாக அசைத்தார். பிளக் கழன்றது, தலை மழுங்கிவிட்டது. ஆனால் தண்ணீர் வரவில்லை! கம்பியால் குத்திய பிறகே செங்காவி நிறத்தில் சேறு கொட்டியது.

"டப்பாவிலே வேற பிளக் ஒண்ணு எடுத்து மாட்டுடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அளவில் ஒத்ததாகத் தெரிந்த ஒன்றை எடுத்தேன். கையாலேயே மூன்று சுற்று போயிற்று, பிறகு இறுகியது. ஸ்பானரைப் போட்டு இன்னும் அரைச் சுற்று அழுத்தினேன். தண்ணீர் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

யாரும் பார்க்கவில்லை. மேலே கொஞ்சம் பசையைத் தடவியிருந்தால் அப்போதைக்குக் கசிவு மறைந்திருக்கும். வழியில் வண்டி நின்றாலும் பழி பழைய எஞ்சினுக்கே போயிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது உண்மை. வேப்பமர நிழலில் வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பின் மனம் துணியவில்லை. அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பிளக்கைக் கழற்றி மரை அளவியை வைத்துக் காட்டினார். கால் அங்குல அமெரிக்க பைப் மரையில் அங்குலத்துக்கு 18 சுற்று. பிரிட்டிஷ் மரையில் 19. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முதல் சில சுற்றுகள் ஒத்துப்போகும். பிறகு ஒன்றையொன்று கடிக்கும். போதாததற்கு நான் மாட்டியது கூம்பு மரை.

"இன்னும் முடுக்கியிருந்தா வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருக்கும். இந்த பிளாக்குக்கு எங்கேடா போறது?" என்றார்.

பின்னர் சரியான டாப்பைக் கையால் மெல்ல ஓட்டி மரையைச் சீராக்கினோம். 19 சுற்றுப் பித்தளை பிளக்கைப் புதிய செப்பு வாஷருடன் மாட்டினோம். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. வண்டி விடியலில் புறப்பட்டுப் போயிற்று.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. இப்போதெல்லாம் ஏதேனும் இறுகி நின்றால், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முதலில் மரையை எண்ணிப் பார்க்கிறேன்.