வண்டியில இருக்கீங்களா தோழர்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்கள் குழுவுக்குள் இரண்டு மாதமாகப் பேச்சு. "நம்மள அடிக்க நாமே கம்பு எடுத்துக் கொடுக்கணுமா?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறோம். இதைப் படிக்கிற நீங்களும் எங்களைப் போல டூவீலரில் ஊர் ஊராகப் போகிறவர்கள், போகப் போகிறவர்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனிப் பையனை அடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து, "ஒரே ஊர்க்காரங்க, சமாதானமா போங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகுமா ஆகாதா என்பது பல நேரம் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகும். எங்கள் தோழர் ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். "எங்க வர்றீங்க தோழர்?" "எஸ்.ஐ. என்ன சொல்றாராம்?" "சாதிச் சான்றிதழ் வாட்ஸப்புல அனுப்பியிருக்கோம், பாத்தீங்களா?" இருபது நிமிடத்தில் நான்கு அழைப்பு. நான்காவது அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது.

அவர் மோதியது ஒரு அம்மாமீது. பஸ் ஊர்ப்பக்கம்தான் நிற்கும். அங்கே இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு சாலை ஓரமாகவே தன் காலனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நம் மக்கள்தான். அந்தப் பையனின் காலனிக்கு இரண்டு ஊர் தள்ளி.

தோழர் குடித்திருக்கவில்லை. வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தார். போனைக் கையில்கூடப் பிடிக்கவில்லை, காதில் இயர்போன்தான். "ரோட்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஆனா அந்த அம்மாவைப் பாக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் எங்களுக்கு அது சாக்காகத்தான் பட்டது. பிறகு தேடிப் படித்தோம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் ஆய்வாளர் வருடக்கணக்காக இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். போனில் பேசுகிறவரின் கண் ஒரு பொருளின் மேல் விழுந்தாலும் மனம் அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். கை காலியாக இருப்பதால் மனம் காலியாகிவிடாது. தோழரின் கண் சாலையில் இருந்தது, மனம் காவல் நிலையத்தில் இருந்தது. அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தது எங்கள் கேள்விகள்.

வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறவருக்கு விபத்து ஏற்படும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இயர்போன், ப்ளூடூத் என்று போனாலும் பெரிய பாதுகாப்பு இல்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மெசேஜ் பார்ப்பது இதைவிட மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடும். மூன்று விநாடி திரையைப் பார்த்தால் ஐம்பது மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் காலனிகளில் பலதும் அந்த ஐம்பது மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அன்று ராத்திரியே இன்னொரு பேச்சு ஆரம்பித்தது. "நம்ம தோழர்தானே, அந்த அம்மாவும் நம்ம ஆளுங்கதான், கேஸ் எதுக்கு? கையில ஏதாவது கொடுத்து முடிச்சிடலாம்." வெளியாள் யாரும் சொல்லவில்லை, எங்களில் சிலரே சொன்னோம். சாயங்காலம் ஒரு காவல் நிலையத்தில் எந்த 'சமாதானத்தை' எதிர்த்து ஆள் அனுப்பினோமோ, அதையே ராத்திரி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இதைத் தட்டச்சு செய்யும்போதும் கூசுகிறது.

தோழர்தான் முதலில் மறுத்தார். அவரே போய் நடந்ததைச் சொன்னார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் அந்த அம்மா இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்பது கஷ்டம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தது, தோழரிடம் லைசென்ஸ் இருந்தது. அதனால் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இது இல்லையென்றால் முழுத் தொகையும் வண்டிக்காரர் தலையில்தான். உங்கள் வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். மனு போடவும் தாமதிக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு வைத்திருக்கிறது.

"போன் பேசினேன்" என்று தோழர் சொன்னபோதும் எஃப்.ஐ.ஆரில் ஏறியது வழக்கமான வாசகம்தான்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.' பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 என்று பிரிவுகள். போன் என்ற சொல்லே இல்லை. நாடு முழுக்க சாலைச் சாவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. அதில் எத்தனையின் பின்னால் ஒரு அழைப்பு இருந்திருக்கும் என்ற கேள்வி எங்களை விடவில்லை. 2022இல் இந்தியாவில் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவர்கள் டூவீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும். அந்தக் கணக்கில் சாதிக்கென்று ஒரு பத்தி கிடையாது. ஆனால் யார் நடந்து போகிறார்கள், யாருடைய தெருவில் பஸ் நிற்பதில்லை, யாருடைய சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியும்.

இதைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. காலனியில் டிகிரி முடித்த பிள்ளைகள் பலர் இன்று உணவு டெலிவரியில் இருக்கிறார்கள். வழி சொல்வது போன், ஆர்டர் வருவது போனில், சில விநாடிக்குள் ஏற்காவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்கு. ஓடும்போது போனைப் பார்க்க வைப்பதே அந்த வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், கையில் போன் வைத்து ஓட்டினால் முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். கட்டுவது அந்தப் பையன். செயலியை வடிவமைத்தவருக்கு ஒரு ரூபாய் கிடையாது.

குட்டியானையில் கட்டட வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்களின் கதை வேறு. டிரைவருக்கு மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பின்னால் பதினைந்து பேர். "போனை வைப்பா" என்று சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார்களோ என்று பயம். கவிழ்ந்தால், சரக்கு வண்டியில் ஏறிப் போனவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து நீட்டும். நாங்கள் வேலை செய்கிற ஒரு காலனியில் இப்போது முன்சீட்டில் உட்காரும் அக்கா, வண்டி கிளம்பியதும் டிரைவரின் போனை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். மேஸ்திரி கூப்பிட்டால் அவரே எடுக்கிறார்: "அண்ணே, வண்டி ஓடிட்டு இருக்கு. வந்து பேசச் சொல்றேன்." ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். பதினைந்து பேரும் சேர்ந்து டிரைவரிடம் முன்கூட்டியே பேசி வைத்ததால் இது நடக்கிறது.

எங்களுக்குள்ளும் மாற்றிக்கொண்டோம். களத்துக்குக் கிளம்புகிறவர் புறப்படும் நேரத்தைக் குழுவில் போட்டுவிட்டு, போனைச் சைலன்ட்டில் பைக்குள் வைக்க வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை யாரும் கூப்பிடக் கூடாது. அவசரமென்றால் இரண்டு பேர் போக வேண்டும், போன் பின்னால் இருப்பவரிடம். யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "வண்டியில இருக்கீங்களா தோழர்?" ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுவது. சொல்லும்போது சுலபம். போன மாதம் ஒரு வழக்கில் எங்கள் ஆள் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் வெளியே எழுந்து போய்விட்டார்கள்.

அந்த அம்மாவைப் பார்க்க வாரம் ஒருமுறை போகிறோம். முதல் நாள் எங்களைத் திட்டுவார் என்று நினைத்துப் போனோம். டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். பிறகு, "தம்பி, நீங்க நல்லதுக்குத்தான் ஓடுறீங்க. ஆனா நாங்க அந்த இருட்டுல தினம் நடக்கிறோம். அங்க ஒரு லைட்டப் போடச் சொல்லுங்க, பஸ்ஸ இங்க நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

காலனிக்காரர்கள் எழுபது பேர் கையெழுத்துப் போட்ட மனுவை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த அம்மாவின் மகள் கொடுத்தார். வழக்கு நடக்கிறது. தோழர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸில் போய் வருகிறார். மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கம்பம் இன்னும் நடவில்லை.